காட்டுத்தீக்குப் பின் வீட்டைத் திரும்பக் கட்ட உங்கள் காப்பீடு போதுமா? கலிபோர்னியா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீக்களில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதற்குப் பிறகு எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: வீட்டை 14 லட்சம் டாலருக்கு வாங்கினோம். காப்பீடு 9 லட்சத்துக்குத்தான் இருக்கிறது. 14 லட்சத்துக்கு உயர்த்தச் சொல்லலாமா?

வேண்டாம். நீங்கள் கொடுத்த விலையில் மனையும் அடக்கம். மனை எரியாது. கட்டடத்தை மறுபடி எழுப்ப எவ்வளவு ஆகும் என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீடு 2,200 சதுர அடி. காப்பீட்டுத் தொகை 5.5 லட்சம் டாலர். 'முழு மாற்றுச் செலவு' பாலிசி என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். போதும்தானே?

பாலிசியின் முதல் பக்கத்தை நீங்கள் அனுப்பவில்லை. வீடு எந்த ஆண்டில் கட்டியது என்றும் எழுதவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: போதாது.

'மாற்றுச் செலவு' என்றால் தேய்மானத்தைக் கழிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். எவ்வளவு செலவானாலும் தருவார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. முதல் பக்கத்தில் 'கவரேஜ் ஏ', அதாவது வீட்டுக் கட்டடத்துக்கான காப்பீடு, என்ற வரிக்கு எதிரே ஓர் எண் இருக்கும். அதுதான் வரம்பு. கணக்குக்காகச் சதுர அடிக்கு 450 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டுமானச் செலவு 10 லட்சத்தைத் தொடுகிறது. உங்கள் 5.5 லட்சத்தின் மேல் 25 சதவீத நீட்டிப்பும் (வரம்பைத் தாண்டினால் தரும் கூடுதல் தொகை), இன்றைய கட்டட விதிகளின்படி கட்ட ஆகும் கூடுதல் செலவுக்கான 10 சதவீதமும் இருந்தால்கூட ஏழரை லட்சத்தைத் தாண்டாது. மீதி இரண்டரை லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

இந்த 5.5 லட்சம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா? என் பல ஆண்டு ஆதங்கம் இதுதான். போனில் நாலைந்து கேள்வி கேட்டு, கணினிப் படிவத்தில் தட்டி, வந்த எண்ணை அப்படியே பாலிசியில் ஏற்றிவிடுகிறார்கள். நான் இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த ஒரு படிவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சமையலறை 'சாதாரணத் தரம்', தரை 'கார்ப்பெட்', குளியலறை ஒன்றரை. எரிந்த வீட்டிலோ ஓக் மரத் தரை, கருங்கல் மேடை, குளியலறை மூன்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் செய்த மாற்றங்களை அந்தக் குடும்பம் தெரிவிக்கவில்லை, நிறுவனமும் கேட்கவில்லை. அந்த ஒரு தாளில் இருந்த மூன்று தவறான சொற்களால் அவர்களுக்கு விழுந்த துண்டு கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர்.

இதோடு இன்னொன்று. ஒரு வீடு மட்டும் எரிந்தால் ஆகும் செலவு வேறு, ஊரே எரிந்தால் ஆகும் செலவு வேறு. கொலராடோவில் 2021 டிசம்பர் 30 அன்று மார்ஷல் தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே நாளில் போயின. எல்லோருக்கும் அதே தச்சர்கள், அதே மரம், அதே மாதங்களில் வேண்டும். கூலியும் விலையும் ஏறாமல் என்ன செய்யும்? தங்கள் காப்பீடு போதாது என்பதை அங்கே பலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே உள்ளூர்க் கட்டுமான ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இன்றைய விலையில் மதிப்பீடு எழுதி வாங்குங்கள். நிறுவனத்தின் படிவத்தையும் கேட்டு வாங்கி, வரி வரியாகத் திருத்துங்கள். நீட்டிப்பு 50 சதவீதம் கிடைக்குமானால் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பிரீமியம் பெரும்பாலும் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது.

கேள்வி: 1974இல் கட்டிய வீடு. கட்டட விதிகளுக்கான கவரேஜ் தேவையா?

கட்டாயம் தேவை. 1974 வீட்டை 1974 முறையில் திரும்பக் கட்ட நகராட்சி விடாது. 2011 முதல் புதிய வீடுகளுக்குத் தீயணைப்புத் தெளிப்பான்கள் கட்டாயம். தீ அபாயப் பகுதிகளில் கூரை, சன்னல், காற்றுத்துளை ஆகியவற்றுக்கு 2008 முதல் தனி விதிகள் உண்டு. 10 சதவீதம் பழைய வீட்டுக்குப் போதாது. 25க்குக் குறையாமல் கேளுங்கள்.

கேள்வி: பாலிசியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். வேறு நிறுவனங்கள் காப்பீடு தராதவர்களுக்கான ஃபேர் பிளானில் சேர்ந்தோம். இனிக் கவலை இல்லையே?

கவலை உண்டு. ஃபேர் பிளான் முக்கியமாகத் தீ, புகை, மின்னல் ஆகியவற்றுக்குத்தான். திருட்டு, குழாய் உடைப்பு, பிறர் காயத்துக்கான பொறுப்பு இவை அதில் இல்லை. அவற்றுக்குத் துணைப் பாலிசி ஒன்று தனியாக எடுக்க வேண்டும். மாற்றுச் செலவு விருப்பத்தைச் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சேர்க்காவிட்டால் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும். முதல் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி எழுதுவேன்.

கேள்வி: பெற்றோருக்காகத் தோட்டத்தில் தனி வீடு கட்டினோம். அது தானாகவே காப்பீட்டில் சேர்ந்துவிடுமா?

தனியாக நிற்கும் கட்டடங்களுக்கு வழக்கமாக வீட்டுத் தொகையில் 10 சதவீதம்தான் ஒதுக்கீடு. வேலியும் கார் கொட்டகையும்கூட அதற்குள்தான். கட்டி முடித்ததும் சொல்லியிருக்க வேண்டும். இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

கேள்வி: வீடு எரிந்தால் அதே இடத்தில்தான் கட்ட வேண்டுமா?

கலிபோர்னியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. வேறு இடத்தில் கட்டலாம், கட்டிய வீட்டை வாங்கவும் செய்யலாம். அதற்காக மாற்றுச் செலவைத் தர மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. பழைய இடத்தில் கட்ட ஆகியிருக்கும் தொகைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயரும் காசோலையில் இருக்கும் என்பதால், முடிவெடுக்கும் முன் வங்கியிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: தீயில் தப்பிய வீடு, அடுத்த மழையில் சேற்றில் புதைந்தால்?

வெள்ளமும் மண்சரிவும் வீட்டுக் காப்பீட்டில் பொதுவாக விலக்கப்பட்டவை. ஆனால் 2018 ஜனவரி 9 அன்று மான்டிசிட்டோவில் 23 பேரைக் கொன்ற சேற்றுப் பெருக்குக்கு முந்தைய மாதத்துத் தாமஸ் தீ மலையை மொட்டையாக்கியதே காரணமாக இருந்தது. மூல காரணம் தீ என்றால் இழப்பீடு தர வேண்டும் என்று மாநிலக் காப்பீட்டு ஆணையர் அப்போது நிறுவனங்களுக்கு நினைவூட்டினார். 'சேறு என்றால் கிடையாது' என்ற முதல் பதிலோடு கோப்பை மூடிவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று கேளுங்கள். மேலே எரிந்த மலைச்சரிவின் படங்களைத் தேதியோடு சேர்த்து மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் அனுப்புங்கள்.