மின்ட் போட்டதும் வைஃபை காணாமல் போனதற்கு: உவர்மலைக் கடைக்காரருக்கு

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றதால் கடை லப்டொப்பில் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறீர்கள், இப்போது வைஃபையும் இல்லை, எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரும் அசையவில்லை, திரும்ப விண்டோஸுக்கே போகவா என்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) கெர்னலோடேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடேயே, வந்துவிடும், விண்டோஸில் போலத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் பிராட்காம் பிசிஎம்43142 மாதிரிச் சில வைஃபை சிப்கள் விதிவிலக்கு, அதற்கு மூல நிரல் வெளியிடப்படாத மூடிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். அதை இறக்க இன்டர்நெட் வேண்டுமே என்று யோசிக்காதீர்கள், போனை யுஎஸ்பி வயரில் செருகி டெதரிங்கை (போனின் இன்டர்நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் வசதி) ஓன் செய்தால் மின்ட் உடனே பிடித்துக்கொள்ளும். அப்புறம் மின்ட்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காமைத் தெரிவு செய்யுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருள் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு) ஓனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும், அதில் டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதியும் 'என்ரோல் எம்ஓகே' கொடுத்து அதே பாஸ்வேர்டை அடியுங்கள். பலர் இதைப் பார்த்துப் பயந்து கன்டினியூ அடித்துவிடுவார்கள், டிரைவர் ஏறாது.

பிரிண்டர் வேறு கதை. 1020 தன் ஃபர்ம்வேரை (தன்னை இயக்கும் உள் மென்பொருள்) நிரந்தரமாக வைத்திருக்காது, ஒவ்வொரு முறை ஓன் செய்யும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். லினக்ஸுக்கான எச்பி பிரிண்டர் மென்பொருளான எச்பிலிப்பையும் அதன் பிளக்இன்னையும் (கூடுதல் இணைப்பு) போட்டால் அது தானாக நடக்கும். எச்பிலிப் அப்டேட் ஆனால் பிளக்இன்னைத் திரும்ப இறக்க வேண்டிவரும், அதுதான் எரிச்சல்.

முதலில் வைஃபையைப் பாருங்கள், வராவிட்டால் டிரைவர் மேனேஜர் காட்டுவதை அப்படியே இங்கே போடுங்கள்.