ஆள் இறங்கினால்தான் அடிமண்டி வருமா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த பகுதியில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து எட்டு ஆண்டுகளாகிவிட்டன. போன வாரம் வந்த லாரி நீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விட்டது; அடியில் இரண்டடி உயரத்துக்கு மண்டி இறுகிக் கிடக்கிறது. “ஆள் இறங்கி வெட்டினால்தான் போகும். பழக்கப்பட்ட ஆள் இருக்கிறார். முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள், தன் பொறுப்பில் இறங்குவதாக அவரே எழுதித் தந்துவிடுவார்” என்கிறார் லாரிக்காரர். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் இதற்குச் சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். லாரிக்காரருக்கு இன்றே தொலைபேசியில் மறுப்பைச் சொல்லிவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தக் கையெழுத்து. கழிவுகளைக் கையால் அகற்ற ஆளமர்த்துவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, கழிவுநீர்த் தொட்டியையோ சாக்கடையையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் “நேரடியாகவோ மறைமுகமாகவோ” அமர்த்தக் கூடாது என்கிறது. லாரிக்காரர் வழியாக ஆள் வைத்தோம், கூலியை அவர்தான் கொடுத்தார் என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாதபடி போடப்பட்ட சொல் அந்த ‘மறைமுகமாக’. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மீறினால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது. யாரும் சாகாவிட்டாலும், ஆள் இறங்கி நலமாக ஏறி வந்தாலும், இதே தண்டனைதான். உயிர் போனால் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றமும் சேரும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. இறங்குபவர் எழுதிக் கொடுக்கும் தாள் எதிலிருந்தும் உங்களைக் காக்காது. ஆபத்து இருப்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று வழக்கில் காட்ட வேண்டுமானால் அது உதவும்.

முகக்கவசம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கடையில் வாங்கும் சாதாரண முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், விஷவாயுவைத் தடுக்காது. தொட்டிக்குள் இறங்குபவருக்கு வேண்டியது வெளியிலிருந்து குழாய் வழியாக வரும் காற்று, வாயு அளக்கும் கருவி, மேலே தூக்க மூன்று கால் தாங்கியும் இடுப்புவாரும், மேலே காவலுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள். விதிகளில் உள்ள பட்டியல் நீளமானது. ஒரு குடியிருப்புச் சங்கம் இவற்றை ஏற்பாடு செய்வது நடக்கிற காரியமில்லை.

“லாரிதான் உறிஞ்சிவிட்டதே, தொட்டி காலிதானே” என்ற நினைப்பு பலரைக் கொன்றிருக்கிறது. இறுகிய மண்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு சிறைப்பட்டுக் கிடக்கும். மண்வெட்டி பட்டதும் அது குபுகுபுவென்று வெளியேறும். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம்” என்று ஒருவர் சொல்லும் அந்த நேரம்தான் மிகக் கொடியது. இன்னும் ஏறினால் ஓரிரு மூச்சில் மயக்கம். விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவருக்காக மூன்றாமவர். செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து சாவதன் காரணம் இது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம்; மீத்தேன் இருந்தால் வெடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதை அது காட்டாது. (ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத புதுத் தொட்டியில் கான்கிரீட் போடக் கட்டிய சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கியவர்களும் இறந்திருக்கிறார்கள். மூடிக் கிடந்த ஈர மரம் உள்ளேயிருந்த ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது.)

இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் லாரிக்காரர் துணிந்து பேசுவதற்கு அதன் எழுத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1993இல் வந்த முதல் சட்டம், தண்ணீர் ஊற்றாமல் மலத்தை ஆள் அள்ளும் உலர் கழிப்பறையை மட்டுமே பார்த்தது. கூடையும் வாளியும் தூக்கியவர்களுக்கானது. சாக்கடைக்குள்ளும் தொட்டிக்குள்ளும் இறங்கியவர்கள் அதன் கணக்கிலேயே இல்லை. நகரங்களில் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகள் பெருகப் பெருக மலம் வாளியிலிருந்து தொட்டிக்குப் போனது. அதை அள்ளிய மனிதரும் பின்னாலேயே உள்ளே போனார். இருபது ஆண்டு கழித்து 2013 சட்டம் அவரைக் கண்டுகொண்டது. ஆனால் ‘ஆபத்தான சுத்தம்’ என்பதற்கு அது தந்த விளக்கம், பாதுகாப்புக் கருவிகள் தராமல், முன்னெச்சரிக்கை எடுக்காமல் செய்விப்பது என்பதுதான். இறக்கவே கூடாது என்று அடித்துச் சொல்லவில்லை. “கையுறை கொடுத்தோமே” என்ற சாக்கு பிறந்த இடம் இது. சட்டம் எழுதியவர்கள் வைத்த ஓட்டை என்றே நான் சொல்வேன். அதே ஆண்டு வந்த விதிகள் ஓட்டையை ஓரளவு அடைத்தன: கருவிகள் இருந்தாலும்கூட சாக்கடையில் ஆள் இறங்கச் சில சூழ்நிலைகளில் மட்டுமே இடமுண்டு, இயந்திரம் நுழைய முடியாத இடத்தில் உடைந்த மூடியை எடுப்பது, அடியில் பொருத்திய நீர்மூழ்கிப் பம்பை வெளியே எடுப்பது போன்றவை. அவற்றில் சேராத தவிர்க்க முடியாத தேவை என்றால் உள்ளாட்சித் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி தர வேண்டும். எட்டு ஆண்டு தள்ளிப்போட்ட பராமரிப்பு அப்படியொரு காரணம் ஆகாது.

இன்னொரு குறையும் உண்டு. குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் வந்தால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும். கணவனை இழந்த பெண் ஈமக்காரியங்களை முடித்து, கடன்காரர்களுக்குப் பதில் சொல்லி, வழக்கறிஞரைத் தேடுவதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும். நீதிமன்றங்கள்தான் இடைவெளியை நிரப்பி வந்திருக்கின்றன. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமானது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்த உத்தரவு வந்தது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் 1993 முதல் நிகழ்ந்த இத்தகைய மரணங்களில் இருநூறுக்கும் மேல் தமிழ்நாட்டில். நெடுங்காலம் நாம்தான் முதலிடம்.

‘பழக்கப்பட்ட ஆள்’ யார் என்று லாரிக்காரரை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கவும் தேவையில்லை, ஊருக்கே தெரியும். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், இந்த வேலைக்கு அவரை அமர்த்துவதோ அதற்கு இடம் கொடுப்பதோ 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். நோய் பரவாமல் இருக்க நம் வீட்டுக் கழிவை மூடி வைக்கிறோம். அதன் ஆபத்து முழுவதும் அவர் உடலுக்குப் போய்ச் சேர்கிறது.

சரி, மண்டியை என்ன செய்வது? 14420 என்ற உதவி எண்ணையோ உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தையோ அழைத்து, உரிமம் பெற்ற லாரியைக் கேளுங்கள். உயர் அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் வசதியும் உள்ள வண்டியா என்று விசாரியுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து சில மணி நேரம் அப்படியே விட வேண்டும். அதுவரை சுற்றிலும் கயிறு கட்டி, பிள்ளைகளையும் பீடி சிகரெட்டையும் தூரத்தில் வையுங்கள். பிறகு வெளியே நின்றபடியே நீரைப் பீய்ச்சி மண்டியைக் கரைத்து, கூழானதும் உறிஞ்ச வேண்டும். கலக்கும்போது வாயு மேலே வரும்; யாரும் வாய்ப்பக்கம் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். பணம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். அடியில் அரையடி மிஞ்சினால் விட்டுவிடுங்கள். கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. தொட்டியைத் துடைத்து வைக்க அது சமையல் பாத்திரமில்லை.

உங்கள் தொட்டியில் குறுக்குச் சுவர் இருந்து, ஒரு பக்கம் மட்டும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். மறு அறைக்குக் குழாய் எட்டாதபோதுதான் ஆள் வேண்டும் என்ற பேச்சே வருகிறது. அங்கே மேலிருந்து இன்னொரு வாய் திறக்கச் செய்யுங்கள். கொத்தனாரும் உள்ளே இறங்கக் கூடாது. மேலே பதித்த டைல்ஸ் போனால் போகட்டும். நாப்கின், டயாப்பர், சமையலறை எண்ணெய் மூன்றும் தொட்டிக்குப் போகாமல் தடுத்தாலே மண்டி இவ்வளவு இறுகாது.

எப்போதாவது யாராவது தவறி உள்ளே விழுந்துவிட்டால், பின்னால் குதிக்காமல் 101க்கோ 112க்கோ அழையுங்கள். தீயணைப்பு வீரர்களிடம் மூச்சுக் கருவி இருக்கிறது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எழுதி நிறைவேற்றுங்கள்: எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் யாரும் இறங்க அனுமதியில்லை, இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம் உறிஞ்ச வேண்டும். அடுத்து உறிஞ்ச வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் மூடியின் மேலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். செயலாளர் மாறினாலும் அது கண்ணில் படும்.