எடைமேடை சாஃப்ட்வேரின் ஆக்சஸ் கோப்பு (மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் உள்ள தகவல் கோப்பு) திறக்கவில்லை, ரிப்பேர் செய்தாலும் பிழை வருகிறது. பழைய சீட்டுகளை மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் இதைப் படிக்கும் நேரத்தில் அந்தக் கணினியில் யாராவது ரிப்பேர் பட்டனை மறுபடி அழுத்திக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கோப்பு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, பென்டிரைவைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

'அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மேட்' என்று வருவதாகவும், காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் பாதியில் நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நீங்கள் சொல்லாமலே ஊகிக்க முடிகிறது. எடைமேடை கேபினில் ஒரு கணினி, ஆபீசில் ஒன்று, இரண்டும் ஒரே எம்டிபி கோப்பை, அதாவது பழைய வகை ஆக்சஸ் கோப்பைத் திறக்கின்றன. சாஃப்ட்வேர் விற்றவர் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் 'டேட்டா போயிருச்சு, புதுசா போட்டுக்கலாம்' என்கிறார். முதலாளி உங்களைத்தான் பார்க்கிறார். கோப்பைப் பராமரிப்பது உங்கள் வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனாலும் அது உங்கள் தலையில்தான் இருக்கிறது. சரிதானே?

நான் காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் எடைமேடைக் கோப்பை இத்தனை வருடமாகக் காப்பாற்றி வருவது நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்களுக்கு வந்தது சீசன் உச்சத்தில். முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போயிருக்கிறது. கேபினில் இருந்த யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை, லோடு எடை பதிவாகிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்துவிட்டது. காலையில் எடைமேடைத் தம்பி ஓடி வந்தான். "அக்கா, சீட்டே விழ மாட்டேங்குதுங்க்கா. வண்டி ரோடு வரைக்கும் நிக்குது." நான் முதலில் செய்தது இரண்டு காரியம். அன்றைய வண்டிகளுக்குக் கைச்சீட்டு போடச் சொன்னேன். கோப்பை நகல் எடுத்தேன்.

சர்வீஸ் ஆள் மதியம் வந்தார். அசல் கோப்பின் மேலேயே காம்பாக்ட் ஓட்டினார். இரண்டு தடவை ஏதோ பிழை, மூன்றாவது தடவை ஓடி முடிந்தது. "மேடம், சக்ஸஸ். ஓப்பன் ஆயிடுச்சு பாருங்க" என்றார். திறந்ததும் உண்மைதான், சீட்டும் விழுந்தது. முதலாளிக்கு நிம்மதி. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சீட்டு நகல் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி வாரத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திரையில் தேடினேன். இடையிடையே காணோம். ஒரு ஓட்டையாக இருந்தால் அந்த ஒரு வண்டியோடு போயிற்று என்று சொல்லலாம். இது பல நாட்களின் சீட்டு. அவருக்குக் காட்டினேன். "ரிப்பேர்ல கொஞ்சம் போகத்தான் செய்யும் மேடம்" என்றார். கொஞ்சமா? ஒவ்வொரு சீட்டும் ஒரு விவசாயி இறக்கிவிட்டுப் போன கொப்பரை. பணம் கைக்கு வருவதற்குள் எங்கள் பக்கம் சீட்டு காணாமல் போனால் அவரிடம் என்ன பதில் சொல்வது?

இந்த இடத்தில் அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் உங்கள் கோப்பைத் திருத்துவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு காலிக் கோப்பை உருவாக்கி, பழையதில் படிக்க முடிந்ததை எல்லாம் அதில் எழுதி, பழையதை நீக்கிவிட்டு அதே பெயரைப் புதியதற்கு வைக்கிறது. படிக்க முடியாதது அங்கேயே கழிந்துவிடும். வாய்திறந்து சொல்லாது. ஆனால் ஒரு தடயம் விடும்: புதுக் கோப்பின் டேபிள் பட்டியலில் 'எம்சிஸ்காம்பாக்ட்எரர்' என்று ஒன்று முளைத்திருக்கும். எந்த டேபிளில், என்ன பிழை என்று அதில் இருக்கும். எங்கள் கோப்பில் அது இருந்தது. அதில் சீட்டு டேபிளின் பெயரும் இருந்தது. டேபிளின் அமைப்பைக் காட்டும் டிசைன் வியூவில் போய்ப் பார்த்தால் சீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சாவிக் குறியைக் காணோம். ஒரே எண் இரண்டு தடவை வராமல் காக்கும் பிரைமரி கீயே போய்விட்டது. கெட்டுப்போன பதிவில் சீட்டு எண் காலியாக இருந்தால் அந்தக் கீக்கான இன்டெக்ஸைத் (தேடும் அட்டவணையை) திரும்பக் கட்ட முடியாது, அதனால் கீயை விட்டுவிட்டு மேலே போய்விடும். அப்படியே ஓட விட்டிருந்தால் ஒரே எண்ணில் இரண்டு சீட்டு விழுந்தாலும் கோப்பு தடுத்திருக்காது.

சரி, நான் எப்படி மீட்டேன்? என் பென்டிரைவில் இருந்த தொடாத நகலை எடுத்து, அதையும் இன்னொரு நகல் எடுத்து, என் கணினியின் சி டிரைவிலேயே வைத்துத் திறந்தேன். நெட்வொர்க்கில் திறக்காத அதே கோப்பு இங்கே திறந்தது! உங்களுக்கும் இப்படி ஆகலாம், அதனால் இதை முதலில் செய்து பாருங்கள். 2018-ல் விண்டோஸ் 10-க்கு 1803 அப்டேட் வந்த பிறகு, ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கும் ஆக்சஸ் கோப்புகளுக்கு உலகம் முழுக்க இதே பிழை வந்தது. கோப்பு இருக்கும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) லான்மேன்சர்வர் பகுதியில் 'டிசேபிள்லீசிங்' என்ற மதிப்பை 1 ஆக்கி, சர்வர் சர்வீஸை மறுபடி தொடங்குவதுதான் அதற்குச் சொல்லப்பட்ட வழி. தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

சி டிரைவிலும் திறக்கவில்லையா? நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். குப்பையாகத்தான் தெரியும், ஆனால் ஆரம்பத்திலேயே எம்டிபி என்றால் 'ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி' என்றும், புதிய வகையான ஏசிசிடிபி என்றால் 'ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி' என்றும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இருந்தால் மீட்க வழி உண்டு என்று நம்பலாம். கோப்பு முழுக்க வெறுமையாக இருந்தால் ஆக்சஸில் மீட்க அதில் ஒன்றும் இல்லை. அங்கே பேக்கப் ஒன்றுதான் கதி.

எனக்குத் திறந்தது, ஆனால் சீட்டு டேபிளில் கீழே போகப் போக ஓரிடத்தில் 'இதே தகவலை நீங்களும் இன்னொருவரும் ஒரே நேரத்தில் மாற்ற முயல்கிறீர்கள்' என்று 3197-ஆம் பிழை. அந்தக் கணினியில் என்னைத் தவிர யாருமே இல்லை. இன்னொருவர் இல்லாதபோதும் இது வருகிறதென்றால் அநேகமாக ஒரு மெமோ காலம் (நீளமான குறிப்பு எழுதும் column) கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பதிவில் ஒரு பெட்டியில் 'டெலீட்டட்' என்றும், இன்னொன்றில் சீன எழுத்து மாதிரியும் தெரிந்தது.

புதுக் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கினேன். மற்ற டேபிள்கள் எல்லாம் இம்போர்ட்டில் வந்துவிட்டன. சீட்டு டேபிளுக்கு அமைப்பை மட்டும் கொண்டுவந்து, பிரைமரி கீ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு பழைய டேபிளை லிங்க் செய்து, அப்பென்ட் குவரி (ஒரு டேபிளின் பதிவுகளை இன்னொன்றில் சேர்க்கும் கட்டளை) போட்டுச் சீட்டு எண் வாரியாகப் பகுதி பகுதியாக இழுத்தேன். பிழை வரும் பகுதியைப் பாதியாக்கு, எந்தப் பாதியில் பிழையோ அதை மறுபடி பாதியாக்கு. கடைசியில் ஒரே ஒரு பதிவு சிக்கியது. கரண்ட் போனபோது எழுதிக்கொண்டிருந்த அதே வண்டி. அதையும் விட்டுவிடவில்லை. மெமோ காலத்தில் இருப்பது டேபிளின் மற்ற காலங்களோடு சேர்ந்து இருக்காது, கோப்பில் வேறு பக்கத்தில் இருக்கும். அதனால் குவரியில் குறிப்பு காலத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினேன். வண்டி எண், லோடு எடை எல்லாம் அழகாக வந்து உட்கார்ந்தன. குறிப்பில் இருந்தது ஈரப்பதத்துக்குப் பேசிய கழிவு. அதை அந்த விவசாயியைக் கூப்பிட்டுக் கேட்டு, களத்து மேஸ்திரியின் நோட்டோடு ஒத்துப் பார்த்து எழுதினேன். சர்வீஸ் ஆள் 'போகத்தான் செய்யும்' என்று சொன்ன சீட்டுகள் எல்லாம் அந்த ஒரு கெட்ட பதிவைச் சுற்றி இருந்தவை. ஒன்றும் போகவில்லை.

அப்படியென்றால் காம்பாக்டே செய்யக் கூடாதா என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். செய்ய வேண்டும். அழித்த பதிவுகளின் இடம் காம்பாக்ட் செய்யாமல் குறையாது, கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் அதற்கு மேல் எழுதவும் முடியாது. நான் சொல்வது நகலை வைத்துக்கொண்டு செய்யுங்கள், எல்லாரும் வெளியே வந்த பிறகு செய்யுங்கள் என்பதுதான். யாராவது உள்ளே இருந்தால் 'அட்மின் என்பவர் திறந்து வைத்திருக்கிறார்' என்று பிழை வரும். யார் அந்த அட்மின் என்று தேட வேண்டாம், ஆக்சஸ் எல்லாருக்கும் வைக்கும் பொதுப்பெயர் அது. பக்கத்தில் இருக்கும் எல்டிபி கோப்பை (யார் திறந்திருக்கிறார்கள் என்று ஆக்சஸ் குறித்துவைப்பது) நோட்பேடில் திறந்தால் கணினிகளின் பெயர் தெரியும். ஆனால் அதில் பெயர் இருப்பதாலேயே இப்போதும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தமில்லை, வெளியேறியவரின் பெயரும் அப்படியே கிடக்கும். எல்லாரையும் மூடச் சொல்லிவிட்டு எல்டிபியை அழித்துப் பாருங்கள். அழிய மறுத்தால் எங்கோ ஒரு கணினியில் இன்னும் திறந்திருக்கிறது.

'இன்னுமா ஆக்சஸ், செத்துப்போன சாஃப்ட்வேரை ஏன் கட்டி அழுகிறீர்கள், எஸ்க்யூஎல் சர்வருக்குப் (தகவலை ஒரு சர்வர் வழியாகவே எழுதும் மென்பொருள்) போங்கள்' என்று கீழே கமெண்டில் நிச்சயம் ஒருவர் எழுதுவார். ஐயா, 2018-ல் மைக்ரோசாஃப்ட் மூடியது இணையத்தில் ஓடிய ஆக்சஸ் வெப் ஆப்பை. கணினியில் ஓடும் ஆக்சஸ் 1992-ல் வந்தது, இன்றும் இருக்கிறது. இந்தக் கோப்பை நாங்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எடைமேடை வாங்கும்போது அதோடு வந்தது. நீங்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது: ஆக்சஸில் ஒவ்வொரு கணினியும் நெட்வொர்க் வழியாக நேராகக் கோப்புக்குள் எழுதுகிறது, நடுவில் பொறுப்பாக ஒரு சர்வர் இல்லை, எழுதும்போது இணைப்பு அறுந்தால் பாதிப் பக்கம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் நாங்கள் கேபினுக்கு வைஃபையை நிறுத்திவிட்டு கேபிள் இழுத்தோம், யுபிஎஸ் பேட்டரி மாற்றினோம், கோப்பை ஒன்டிரைவ் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்தோம். அதற்குப் பிறகு இந்தப் பிழை வரவில்லை. ஒரு கேபிளில் முடிகிற வேலைக்குச் சர்வர் வாங்கச் சொல்வது எங்கள் மாதிரி இடங்களுக்கு உதவாத அறிவுரை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. கணினி மாற்றியதும் விவசாயிகளின் பெயர்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கண்டபடி தெரிகிறது என்றால் அது கோப்பு கெட்டதல்ல. விற்றவர் தன் சொந்தத் தமிழ் எழுத்துருவில் தகவலை அடைத்திருக்கிறார், அந்த எழுத்துரு புதுக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடு ஆக்சஸ் 2000-லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இதற்குப் பிறகும் ஊருக்கு ஒரு எழுத்துருவை வைத்து விற்கிறார்கள். நாளைக்கு நாம் வேறு சாஃப்ட்வேருக்குப் போனால் நம் விவசாயிகளின் பெயரே நமக்குப் படிக்க வராது. நம் பெயர்களை நம்மிடமே பூட்டி வைக்கிற வேலை இது. எனக்கு இதில் ஆறாத கோபம். புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தமிழ்ப் பெயரைத் தட்டச்சு செய்து, அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் வாங்குங்கள்.

உங்கள் கோப்பு எம்டிபியா ஏசிசிடிபியா, சி டிரைவில் வைத்தால் திறக்கிறதா, எந்த எண்ணுள்ள பிழை வருகிறது என்று கமெண்டில் எழுதுங்கள். குவரியை எப்படிப் பிரித்துப் போடுவது என்று உங்கள் டேபிளுக்கு ஏற்றபடி சொல்கிறேன். சர்வீஸ் ஆள் அதற்குள் வந்துவிட்டால் நகலின் மேல் மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள்.