உயர்த்தின வண்டி: ஷாஃப்ட் கோணம், ஸ்டியரிங் – கேள்வி பதில்

முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே அச்சு) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு மட்டும் பதில் சொல்றேன். எந்தக் கோணமா இருந்தாலும் வண்டி சமதரையில நாலு டயர்லயும் நிக்கும்போது அளந்து எழுதுங்க.

கே: லீஃப் ஸ்பிரிங் வண்டி, மூணு இஞ்ச் தூக்கினேன். 70 கிலோமீட்டர் வேகம் தாண்டினா ஃப்ளோர் அதிருது. வீல் பேலன்ஸ் மூணு தடவை பண்ணியாச்சு. பின்பக்கச் சரிவு: டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கிற பெட்டி) 4 டிகிரி, அதுலேர்ந்து ஆக்ஸிலுக்குப் போற ஷாஃப்ட் 11, பினியன் (ஆக்ஸில்ல ஷாஃப்ட் மாட்டுற முனை) 1.

ப: அளவோட வந்திருக்கீங்க, நன்றி. கிராஸ் ஜாயின்ட் (ஷாஃப்ட் முனையில இருக்கிற சிலுவை மூட்டு) கோணத்துல சுத்தும்போது, உள்ள வர்ற வேகம் சீரா இருந்தாலும் வெளிய போற வேகம் சுத்துக்கு ரெண்டு தடவை கூடிக் குறையும். 10 டிகிரியில அது ஒன்றரை சதவீதம் ஏறி, அதே அளவு இறங்கும். மறுமுனை கிராஸும் அதே கோணத்துல நின்னா, இது கூட்டினதை அது கழிச்சிடும். உங்களுக்கு மேல் கிராஸ் 7 (11-4), கீழ் கிராஸ் 10 (11-1). வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்ள இருக்கணும்; மூணு இருக்கு. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல 3 டிகிரி ஆப்பு வெச்சு பினியன் மூக்கைத் தூக்குங்க, அப்புறம் மறுபடி அளங்க. 7-ம் அதிகம்தான், கிராஸ் சீக்கிரம் தேயும். ஆனா அதிர்வு பெரும்பாலும் அடங்கிடும்.

ஷாஃப்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்ப்லைன்ல (ஷாஃப்டோட ரெண்டு துண்டும் சேர்ற பல் வெட்டின இடம்) பெயின்ட் கோடு போட்டுக்கோங்க. பல் மாறி மாட்டினா ஷாஃப்ட் முனையில கிராஸைப் பிடிக்கிற ரெண்டு ஃபோர்க்கும் நேர்ல வராது, அளந்ததெல்லாம் வீண். மேல்முனையில டபுள் கார்டன் (ரெண்டு கிராஸ் சேர்ந்த மூட்டு) போட்டா கணக்கே வேற: பினியன் ஷாஃப்டை நேரா பாக்கணும், 1–2 டிகிரி மட்டும் தாழ்வா. ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் மூக்கு தானா எழும்பும்.

கே: அப்போ கோணத்தைப் பூஜ்யமாவே வெச்சுட்டா?

ப: வேண்டாம். அரை டிகிரியாவது இருந்தாதான் நீடில் பேரிங் உருளும். உருளாத கிராஸ் ஒண்ணைக் கழட்டிப் பார்த்திருக்கேன். சீப்பால கீறின மாதிரி வரி வரியா பள்ளம், நகம் வெச்சா சிக்கும்.

கே: காயில் ஸ்பிரிங் வண்டி, நாலு இஞ்ச் தூக்கினதுலேர்ந்து ரோட்ல அலையுது. வளைவு முடிஞ்சும் ஸ்டியரிங் திரும்பி வரல.

ப: கேஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சோட மேல்முனை பின்பக்கமா சாயுற கோணம்) செத்துடுச்சு. தூக்கினதும் கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்ஸிலை சேஸிஸோட இணைக்கிற கம்பி) சாய்ஞ்சு ஆக்ஸிலை முன்பக்கமா உருட்டிடும். நீளம் மாத்துற ஆர்ம் போட்டு 5 டிகிரி பக்கம் கொண்டு வாங்க.

கே: அண்ணா, இதை ஒத்துக்க மாட்டேன். கேஸ்டரைக் கூட்டினா முன் பினியன் தலைகுனியும், முன் ஷாஃப்ட் அதிரும். பினியன்தான் முதல்ல.

ப: தலைகுனியும், உண்மை. நக்கிளும் (சக்கரத்தைத் திருப்புற மூட்டு) பினியனும் ஒரே ஹவுஸிங்தானே. ஆனா அதிர்ற ஷாஃப்ட் காதைத்தான் குடையும். அலையற ஸ்டியரிங் எதிர் வண்டிமேல கொண்டு போய் விடும்.

கே: லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோட சேர்க்கவும் பிரிக்கவும் செய்ற பூட்டு) இருந்தா டூ வீல்ல முன் ஷாஃப்ட் சுத்தவே சுத்தாதே, எதுக்கு இந்தச் சண்டை?

ப: சரியான கேள்வி. ஹப் திறந்திருந்தா ஷாஃப்ட் நிக்கும், கேஸ்டரை முழுசா வெச்சுக்கலாம்.

கே: என்னுதுல ஹப் கிடையாது. எப்பவும் சுத்தும்.

ப: அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி! உங்க வண்டிக்கு உங்க பயம் நியாயம். ஆனாலும் கேஸ்டரை பலி குடுக்காதீங்க. ஹவுஸிங் முனையில நக்கிள் வெல்டை வெட்டி, திருப்பி, மறுபடி வெல்ட் பண்ணினா ரெண்டும் தனித்தனியா சரியாகும். தேர்ந்த கை வேணும்.

கே: எனக்கும் 65-ல அதிருது, ஏன்?

ப: முதல் பதில்.

கே: ஜாக்ல தூக்கி அளந்தேன், 16 டிகிரி காட்டுது.

ப: ஆக்ஸில் தொங்கும்போது அளந்தது அளவே இல்லை. டயர் தரையில நிக்கணும்.

கே: இண்டிபென்டென்ட் சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கலாம்?

ப: என் துறை இல்லை. அந்த வேலையே செய்றவங்களைக் கேளுங்க.

கே: குழியில விழுந்தா ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுது. ரெண்டு டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்குற ஷாக்) போடட்டுமா?

ப: போடாதீங்க. டேம்பர் நோயை மறைக்கும், அவ்வளவுதான். வண்டி டயர்ல நிக்கட்டும், இன்ஜின் ஓடட்டும், ஹேண்ட்பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஒருத்தர் ஸ்டியரிங்கை இடம் வலமா ஆட்டட்டும். நீங்க பேன்ஹார்டு ராடு (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) போல்ட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து விரல் வைங்க. ரெண்டும் ஒண்ணா அசையாம விரலுக்கடியில டக்குனு நழுவினா, துளை முட்டை வடிவமாயிடுச்சு. முறுக்கினா போதாது, பிராக்கெட்டை சரி பண்ணணும். அப்புறம் பால் ஜாயின்ட், டை ராடு முனை.

கே: தூக்கினப்புறம் ஸ்டியரிங் வீல் கோணலா நிக்குது.

ப: முதல்ல பேன்ஹார்டு ராடு நீளத்தை மாத்தி ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டு வாங்க, அப்புறம் டிராக் லிங்கை (ஸ்டியரிங் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல போற கம்பி) நீட்டுங்க. டோ-இன் (முன் சக்கரங்களோட முன்பக்கம் உள்நோக்கி இருக்கிற அளவு) கடைசியில, 1.5–3 மில்லிமீட்டர். அதுவும் டயர் தரையில நிக்கும்போதுதான்.