தைராய்டு அறுவைக்குப் பின் குரல் போய்விட்டது. கையெழுத்துப் போட்டதால் வழக்குப் போட முடியாதா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி அறுவை செய்துகொண்டேன். கட்டி இருந்ததால் தைராய்டை முழுவதுமாக எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததிலிருந்தே குரல் கரகரத்துக் காற்றாக வருகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. மறுபரிசோதனைக்குப் போனபோதெல்லாம் "மயக்கம் கொடுக்கும்போது தொண்டையில் டியூப் போட்டதால் வந்தது, தானாகச் சரியாகும்" என்றார்கள். ஆறாவது மாதம் வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்து, இடது குரல் நாண் அசையவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அறுவைக்கு முன்னாலோ பின்னாலோ அந்த மருத்துவமனையில் யாரும் என் குரல் நாணைப் பார்க்கவே இல்லை. கேட்டால், "எல்லாம் விளக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எதை முன்வைத்து வழக்குப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "என் நரம்பைச் சேதப்படுத்திவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் உங்கள் வழக்கு பலவீனமானது. "குரல் போனதைச் சொல்லியும் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டார்கள்" என்பது பலமானது. இரண்டையும் எழுதலாம், ஆனால் இரண்டாவதுதான் முன்னால் நிற்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டுச் சுரப்பியின் பின்புறம் ஒட்டினாற்போல, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஏறி வருகிறது. நல்ல அனுபவமுள்ள கைகளிலும் அது இழுபடலாம், வீங்கலாம். அறுவைக்குப் பிறகு சில வாரங்களோ மாதங்களோ குரல் நாண் செயலிழந்து, பிறகு மீள்பவர்கள் கணிசம். நிரந்தரமாகச் செயலிழப்பவர்கள் குறைவு. அதனால் நரம்பு பாதிக்கப்பட்டது என்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று நீதிமன்றம் முடிவுக்கு வராது. விளைவு மோசமாக இருந்ததா என்பதல்ல கேள்வி, அந்தத் துறையில் பொறுப்புள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய அளவுகோல் இது.

அப்படியானால் அறுவைக்கு முன் குரல் நாணைப் பார்க்காதது தப்பில்லையா? இங்கே மருத்துவர்களிடமே கருத்து ஒன்றாக இல்லை. அறுவைக்குப் போகும் எல்லோருக்கும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லா நோயாளிகளின் குரலையும் அறுவைக்கு முன் மதிப்பிட்டுக் குறித்து வைக்கச் சொல்கிறது. கேமராப் பரிசோதனையைக் குரலில் மாற்றம் இருப்பவர்கள், முன்பே கழுத்தில் அறுவை நடந்தவர்கள், புற்றுநோய் சுரப்பியைத் தாண்டிப் பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வலியுறுத்துகிறது. உங்கள் குரல் முன்பு நன்றாக இருந்திருந்தால், "கேமரா தேவைப்படவில்லை" என்று மருத்துவமனை வாதிடும். அந்த வாதத்துக்கு மருத்துவர்களிடையே ஆதரவும் இருக்கும்.

ஆனால் அதே வழிகாட்டுதல் அறுவைக்குப் பிந்தைய காலத்தைப் பற்றித் தெளிவாக இருக்கிறது. இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மாறியிருந்தால் குரல் நாண் அசைவதைப் பார்க்க வேண்டும், அல்லது பார்க்கத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். அது இந்தியாவில் சட்டம் அல்ல. ஆனாலும் எது முறையான சிகிச்சை என்று காட்ட நிபுணர் வழியாக அதை நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்கலாம். டியூபாலும் குரல் கரகரக்கும், உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். வாரக்கணக்கில் காற்றுக் குரல், கூடவே புரையேறுதல் என்றால் நரம்பைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஒரு சில நிமிடப் பரிசோதனையைக்கூடச் செய்யாமல் அனுப்பியதற்கு அவர்கள் சொல்லும் பதில் எளிதில் நிற்காது.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. தாமதத்துக்காக நஷ்டஈடு கேட்டால், அந்தத் தாமதத்தால் நீங்கள் எதை இழந்தீர்கள் என்று காட்ட வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் குரல் பயிற்சி தொடங்கியிருக்கலாம், செயலிழந்த நாணை நடுப்பக்கம் தள்ளும் ஊசி போட்டிருக்கலாம், வேலைக்கு முன்னதாகத் திரும்பியிருக்கலாம். இவற்றை உங்களை இப்போது பார்க்கும் மருத்துவர் எழுத்தில் சொன்னால்தான் மதிப்பு.

அறுவைக்கு முன் பரிசோதனை இல்லாதது இரு பக்கமும் வெட்டும். "உங்கள் நாண் முன்பே செயலிழந்திருக்கலாம்" என்று அவர்கள் சொல்லக்கூடும். ஒரு நாண் அசையாமலே, மறு நாண் ஈடுகொடுத்துக் குரல் சாதாரணமாக ஒலிப்பவர்கள் உண்டு என்பதால் அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. "அப்படியென்றால் அறுவைக்கு முன் ஏன் பார்க்கவில்லை?" என்பது நம் பதில். அதோடு, மயக்கம் தெளிந்த அன்றே குரல் மாறியது என்பது உங்களுக்கு வலுவான சூழ்நிலைச் சான்று. அறுவைக்கு முந்தைய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், பள்ளி விழா வீடியோக்கள், இணையவழி வகுப்புகள் எது கிடைத்தாலும் தேதியோடு எடுத்து வையுங்கள். தலைமை ஆசிரியரும் சக ஆசிரியர்களும் சாட்சி சொல்லலாம்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். ஒப்புதல் என்பது சிகிச்சையில் உள்ள அபாயத்துக்குத்தான். கவனக்குறைவுக்கு யாரும் ஒப்புதல் கொடுப்பதில்லை. அறுவைக்குப் பின் உங்களைப் பார்க்காமல் விட்டதை எந்தப் படிவமும் மூடி மறைக்காது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கியமான அபாயங்கள் ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறுவதுதான் ஒப்புதல் என்றது. எங்கோ நடக்கக்கூடிய ஒவ்வொன்றையும் பட்டியலிட வேண்டியதில்லை என்றும் சொன்னது. குரல் பாதிப்பு அந்த வகையில் சேராது. தைராய்டு அறுவையின் முதன்மையான அபாயங்களில் அது ஒன்று. குரலை வைத்துப் பிழைக்கும் ஆசிரியைக்கு அது இன்னும் முக்கியம். படிவத்தில் குரல் என்ற சொல் இருக்கிறதா, உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா, யார் விளக்கினார் என்ற குறிப்பு உண்டா, எந்த நேரத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் ஆவணங்கள் கையில் வேண்டும். முழு மருத்துவப் பதிவுகளையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்; இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அறுவைக் குறிப்பு, மயக்க மருத்துவரின் பதிவு, செவிலியர் குறிப்பு, வெளிநோயாளர் சீட்டு, திசுப் பரிசோதனை முடிவு எல்லாம் வேண்டும். அறுவைக் குறிப்பில் இரண்டு பக்க நரம்பையும் அடையாளம் கண்டதாக எழுதியிருக்கிறதா, நரம்பைக் கண்காணிக்கும் கருவி பயன்பட்டதா என்று பார்க்க வேண்டும். புற்றுநோய் நரம்பில் ஒட்டியிருந்து வேண்டுமென்றே வெட்டியதாக இருந்தால் வழக்கின் கதையே மாறும். செவிலியர் குறிப்பை நான் எப்போதும் கவனமாகப் படிப்பேன். மருத்துவர் எழுதாமல் விட்ட "குரல் கரகரப்பு", "குடிக்கும்போது இருமல்" எல்லாம் அங்கே இருக்க வாய்ப்புண்டு.

வழக்கை விட உங்கள் தொண்டை முக்கியம். எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வருடம் வரைகூட நரம்பு மீள வாய்ப்புண்டு. மறுபடியும் கேமராப் பரிசோதனை செய்து, வீடியோவாகப் பதிந்து தரச் சொல்லுங்கள். குரல் பயிற்சியை உடனே தொடங்குங்கள். மீளாவிட்டால் நாணை நடுவே நகர்த்தும் அறுவை இருக்கிறது. வழக்குக்காக எந்தச் சிகிச்சையையும் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு விடும்போது சத்தமோ திணறலோ வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் சாந்தா வழக்கிலேயே முடிவான விஷயம். கட்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மாவட்ட ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. உங்கள் வழக்கில் அதை நம்பி இருக்க வேண்டாம். கருத்து வாங்கித்தான் போக வேண்டும்.

காவல் நிலையப் புகார் வேண்டாம் என்பது என் யோசனை. குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை. நீங்கள் சொன்னதில் அது தெரியவில்லை. காலவரம்பு இரண்டு வருடம். நாண் அசையவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று வாதாட இடமிருக்கிறது, ஆனாலும் அறுவை நடந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு, பதிவுகள் கைக்கு வந்ததும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் அனுப்பியதால் காலவரம்பு நின்றுவிடாது. மனுவை அந்த இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.