விபத்து இழப்பீடு: புரோக்கர் வாய்க்கணக்கும் கோர்ட்டுக் கணக்கும்

கேள்வி: கணவருக்கு 32 வயது, சொந்தமாக டூவீலர் மெக்கானிக் கடை. கார் மோதி வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். 40 சதவீத ஊனம் என்று சர்ட்டிபிகேட் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கே வந்த ஒருவர், "40 லட்சம் வாங்கித் தருகிறேன், அதில் 30 சதவீதம் எனக்கு" என்கிறார். நம்பலாமா? – திண்டிவனம் வாசகி

வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள் அம்மா.

கடையில் மாதம் 18,000 ரூபாய் வருமானம் என்று நிரூபிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே. எனவே எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. இது 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. பெருக்கினால் 48,38,400. மொத்த சம்பாத்தியமும் போனால்தான் இந்தத் தொகை. புரோக்கர் சொல்லும் 40 லட்சம் இப்படி அரைகுறையாகப் போட்ட கணக்காகத்தான் இருக்கும்.

அடுத்த படியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சர்ட்டிபிகேட்டில் உள்ள 40 பெரும்பாலும் அந்தக் காலுக்கான 40. முழு உடம்புக்கானது அல்ல. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் தொழிலில் எவ்வளவு இழந்தார் என்றுதான் தீர்ப்பாயம் (விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்) பார்க்கும். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. கை போன டிரைவருக்குச் சம்பாத்திய இழப்பு 100 சதவீதம்கூட ஆகலாம். அதே கை போன அரசு குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலே போகலாம். மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், கிக்கரை உதைக்க வேண்டும். 30 சதவீதம் என்று எடுத்தால் 14,51,520. ஊனத்தால் சம்பாத்தியம் குறையவில்லை என்று தீர்ப்பாயம் நினைத்தால் பெருக்கலே கிடையாது. ஊனத்தின் ஒரு சதவீதத்துக்கு 3,000, 5,000 ரூபாய் என்று போட்டு முடிப்பது நம் ஊர் வழக்கம். அதனால் குந்தி உட்கார முடியவில்லை, கடையில் ஆள் வைக்க வேண்டியதாயிற்று என்பதெல்லாம் சாட்சியத்தில் வர வேண்டும்.

இதோடு ஆறு மாதம் கடை மூடியிருந்தால் 1,08,000, மருத்துவ பில்கள், பின்னால் பிளேட்டை எடுக்க ஆகும் செலவு (டாக்டர் கையெழுத்துடன் எஸ்டிமேட் வேண்டும்), உடனிருந்தவர், ஆட்டோ, சத்துணவு, வலி வேதனை. பில் இரண்டு லட்சம் என்றால் எல்லாம் சேர்த்து 18, 20 லட்சத்தை ஒட்டி நிற்கும். மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. இங்கே பெரும்பாலும் 7.5 சதவீதம். உங்கள் பக்கமும் தப்பு இருந்தால் அந்த அளவுக்குக் கழிப்பார்கள்.

வருமானத்துக்கு ஜிபே ஸ்டேட்மெண்ட், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிய பில், நகராட்சி உரிமம், வருமான வரி ரிட்டர்ன் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நீதிபதி ஒரு தொகையைத் தானாக நிர்ணயிப்பார். அது 18,000 ஆக இருக்காது. மனுவை 6 மாதத்துக்குள் போடச் சொல்கிறது சட்டம். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்தில் போடலாம். வருவதில் பங்கு என்று ஃபீஸ் பேசுவது வக்கீலுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. புரோக்கருக்கு என்ன உரிமை? வெற்றுத் தாளிலோ வெற்று செக்கிலோ கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான கார் பாலிசி எடுத்தேன். தடுப்புச் சுவரில் மோதி, எனக்கு விலா எலும்பு, கூட வந்த நண்பருக்குக் கை முறிவு. கம்பெனி ஒன்றும் தராதாம். பாலிசியைப் படிக்கவில்லை. – கோவை

படிக்கவில்லை என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்களே! நீங்கள் வாங்கியது தேர்ட் பார்ட்டி மட்டும். உங்கள் கார் மோதி வெளியே இருப்பவருக்கு அடிபட்டால் அவருக்கானது அது. காருக்குள் உட்கார்ந்த நண்பருக்கு இல்லை. அவர் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். ஜெயித்தால் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும். உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் எடுத்திருந்தாலும், அது உயிரிழப்பு, கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான். கூடிவிடும் விலா எலும்புக்கு ஒரு பைசா கிடையாது.

"பம்பர் டு பம்பர்" (உதிரி பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி) என்று கூவியதை நம்பி நானும் ஒருமுறை கூடுதலாகப் பணம் கட்டியவன்தான்; மழைத் தண்ணீர் புகுந்த எஞ்சின் அதில் சேராது. அடுத்த முறை காம்ப்ரிஹென்சிவ் (உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்த பாலிசி) எடுங்கள், கூடப் பயணிப்பவர்களுக்கான விபத்துக் காப்பீட்டையும் சேருங்கள்.

கேள்வி: ஹெல்மெட் போடவில்லை. இழப்பீடே வராதா? – திருச்சி

வரும், கொஞ்சம் வெட்டுவார்கள். அடி காலில் இருக்க, ஹெல்மெட்டைக் காட்டி வெட்டினால் உங்கள் வக்கீல் எழுந்து நிற்க வேண்டும்.

கேள்வி: ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவை (54) லாரி உரசித் தள்ளியது. அட்மிஷன் நேரத்தில் யாரோ "வண்டியிலிருந்து தவறி விழுந்தார்" என்று எழுதவைத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் வக்கீல் அதையே பிடித்துத் தொங்குகிறார். இல்லத்தரசிக்கு வருமானம் ஏது என்றும் கேட்கிறார். – மணப்பாறை

எத்தனை குடும்பங்களை இந்த ஒரு வரி கவிழ்த்திருக்கிறது! ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டை எழுதுவார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பதற்றத்தில் சொல்வதுதான் அதில் ஏறும். "விழுந்துட்டாங்க" என்று அவர் சொன்னால், அடித்த லாரி காகிதத்திலிருந்து மறைந்துபோகும். யார் கூட்டிப் போனாலும் எந்த வண்டி மோதியது, நம்பர் என்ன, எந்த இடம், எத்தனை மணி என்று நான்கையும் சொல்ல வேண்டும். நம்பர் தெரியவில்லையா, "லாரி மோதியது" என்றாவது சொல்ல வேண்டும். எழுதியதை அப்போதே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே இருக்கிறதா என்று பாருங்கள். புகார் வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுவது இன்னொரு வாடிக்கை. இரண்டும் வேறு வேறு.

உங்கள் அம்மா வழக்கு இதனால் மட்டும் செத்துவிடாது. இது கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சம்பவ இட வரைபடம், லாரியில் உரசல் இருந்தால் அதைச் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, 108 ஆம்புலன்ஸ் பதிவு, ஸ்கூட்டர் ஓட்டியவரின் சாட்சியம் எல்லாம் வரட்டும். அந்த வரியை எழுதவைத்தது யார் என்பதையும் கூண்டிலேயே சொல்ல வேண்டும்.

இல்லத்தரசிக்கு வருமானம் ஏது என்று கேட்பவருக்கு, வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் காட்டட்டும். அம்மாவின் வயதுக்குப் பெருக்கும் எண் 11.

கேள்வி: லோக் அதாலத்தில் 9 லட்சம் தருகிறார்கள். வக்கீல் 14 வரும் என்கிறார். – சேலம்

லோக் அதாலத் என்பது பேசி முடிக்கும் சமரச நீதிமன்றம். அந்த 9 வட்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலில் கேளுங்கள். அங்கே பேசும் மொத்தத் தொகைக்குள் பெரும்பாலும் வட்டியும் அடக்கம். கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. 14-க்கு என்ன கணக்கு என்று வக்கீலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் 9-ஐ வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியாது. கால் முறிவு. – ஓசூர்

ஹிட் அண்ட் ரன் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்பு என்றால் 2 லட்சம். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ ஆவணங்களோடு கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பின்னால் வண்டி சிக்கி முழு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்காக வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.