தகடு தடிமனாக இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் சிக்கபள்ளாபூர் பக்கம் கல்குவாரித் தடங்களில் ஓட்டுவது வழக்கம். சென்ற மாதம் ஒரு பாறையில் இடித்து, என்ஜினுக்கு அடியில் இருக்கும் தகடு உள்வாங்கிவிட்டது. தடிமனான இரும்புத் தகடு போட்டால் இனிக் கவலையே இல்லை என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதிதான் சரி. தகடு அவசியம். ஆனால் அதன் தடிமனைவிட அது எதில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். இன்னொன்று: நீங்கள் ஓட்டும் தடங்களில் என்ஜினைக் கொல்வது பெரும்பாலும் பாறை அல்ல, தூசி. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்குக் கவலை.

முதலில் பாறையைப் பார்ப்போம். உங்கள் வண்டியின் தரை இடைவெளி 220 மி.மீ. அது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. முன் ஃபோர்க் 200 மி.மீ., பின் சக்கரம் 180 மி.மீ. வரை அமுங்கக்கூடியவை. பள்ளத்தில் இறங்கி இரண்டும் முழுக்க அமுங்கும் நொடியில், என்ஜினுக்கும் தரைக்கும் இடையே சில விரற்கடைதான் மிஞ்சும்.

உள்வாங்கிய தகட்டைக் கழற்றுங்கள். அது என்ஜின் உறையைத் தொட்ட தடம் இருக்கிறதா, ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. என்ஜின் ஆறியிருக்கும்போது அடிப்பகுதியைப் பெட்ரோலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, முகப் பவுடரைத் தூவுங்கள். பிறகு சில நிமிடங்கள் என்ஜினை ஓடவிடுங்கள். விரிசல் இருந்தால் பவுடரில் கருங்கோடாக எண்ணெய் ஊறி நிற்கும்.

புதுத் தகட்டை வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்), அதிர்வை வாங்கும் ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். என்ஜின் உறையின் போல்ட்டுகளில் நேரடியாக மாட்டினால், பாறையின் அடி தகடு வழியாக உறைக்கே போய்ச் சேரும். போல்ட் பிடிக்கும் அலுமினியக் காதுகள் உடையும். தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு முழுமையாக அடி உள்ளே போகும். தகட்டுக்கும் உறைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி வேண்டும். 4 மி.மீ. அலுமினியத் தகடு போதுமானது. அதே தடிமனில் இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். கடையில் கிடைப்பது பொருந்தவில்லை என்றால், பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் அளவு கொடுத்து வளைத்து வாங்கலாம். ஆயில் போல்ட்டுக்கு ஒரு திறப்பும், சேறு வழிய அகலமான துளைகளும் கட்டாயம் விடச் சொல்லுங்கள். உள்ளே காய்ந்து இறுகும் களிமண், காற்றில் குளிரும் உங்கள் என்ஜினைச் சூட்டில் வதைக்கும்.

பக்கவாட்டில் கிளட்ச் கவரும் மேக்னட் கவரும் துருத்திக்கொண்டிருக்கின்றன. வண்டி சாயும்போது இவையே முதலில் கல்லில் படும். ஆகவே பெட்ரோல் டேங்கை மட்டும் காக்கும் கிராஷ் கார்டு போதாது. கீழ்ப்பகுதியையும் வளைத்துப் பிடிப்பதாக இருக்கட்டும். வண்டி விழுந்த உடனே என்ஜினை அணையுங்கள். படுத்த நிலையில் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும்.

இனி தூசி. சிக்கபள்ளாபூர், கோலார் வட்டாரம் பெரும்பாலும் கருங்கல் பூமி. குவாரித் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் நிறைய உண்டு. அவை சாதாரண இரும்பைவிடக் கடினமானவை. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். சத்தம் வராது, கசிவு தெரியாது. சில மாதங்களில் ஆயில் குறையும், சைலன்சரில் நீலப் புகை வரும். அப்போது செலவு தகட்டின் விலையைப் போலப் பல மடங்கு.

எனவே தூசிப் பயணம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காகித ஃபில்டர் என்றால் உட்புறத்திலிருந்து வெளியே, மெல்லிய அழுத்தத்தில் மட்டும் காற்றடியுங்கள். பெட்ரோல் நிலையத்தின் காற்றுக் குழாயை ஒட்டவைத்து அடித்தால் காகிதம் கிழியும். சந்தேகம் வந்தால் புதிது மாற்றுங்கள். இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் மெல்லியதாக கிரீஸ் தடவுவது இதைத் தடுக்கும். நண்பர்களோடு போகும்போது முன்வண்டி கிளப்பும் புழுதிக்குள்ளேயே ஓட்டாதீர்கள். புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

ஆயிலையும் கையேட்டின் கிலோமீட்டர் கணக்குக்கு முன்பே மாற்றுவது நல்லது. மேட்டில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து ஓட்டினால், தேய்ந்த துகள்கள் அதே ஆயிலில்தான் கலக்கின்றன. செயினையும் கவனியுங்கள்: அறுந்த செயின் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு என்ஜினின் அடி உறையான கிராங்க் கேஸையே உடைத்திருக்கிறது. ஓடையில் வண்டி மூழ்கி நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் நிறமாகியிருந்தால் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு தடத்தில் உறை உடைந்தால், அந்த நொடியே என்ஜினை நிறுத்துங்கள். வழக்கமான காப்பீடு உடைந்த கவருக்குப் பணம் தரலாம்; ஆயில் இல்லாமல் ஓட்டி இறுகிப்போன என்ஜினைத் தொடர் சேதம் என்று ஒதுக்கிவிடும். சிறு விரிசலுக்கு எம்-சீல் என்ற பிசையும் ஒட்டுப்பசை கைகொடுக்கும். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உப்புத்தாளால் சுரண்டி, பிசைந்து அப்பி, முழுக்க இறுகும்வரை காத்திருங்கள். பிறகு ஆயில் அளவைச் சரிபார்த்து, வீடு சேர மட்டும் மெதுவாக ஓட்டலாம். அந்தக் கவரைப் பின்னர் ஆர்கான் வெல்டிங் செய்ய முடியும். விரிசல், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் முகப்பு வரை ஓடியிருந்தால் மட்டும் புதுக் கவர் வாங்குங்கள்.